பேரிகையும் கணக்கேடும்

பேரிகை என்பது எங்கள் ஊரின் பெயர். ஓசூருக்கு வடகிழக்கே, கருநாடக எல்லையை ஒட்டிய மேட்டுநிலத்தில் அமைந்தது. தமிழும் தெலுங்கும் கன்னடமும் ஒரே தெருவில் கலந்து ஒலிக்கும் ஊர் அது. பேரிகை என்ற சொல்லுக்குத் தமிழில் பெருமுரசு என்பது பொருள். ஊருக்கு அப்பெயர் வந்த வரலாற்றை ஆராய்வது என் நோக்கமன்று. ஆயினும், இன்றைய பேச்சுக்கு அச்சொல் நல்ல வாயிலாக அமைகின்றது.

பண்டை நாளில் வேந்தன் படையெடுத்தால் முரசு முழங்கும். ஐரோப்பியர் நம் நாட்டைக் கைக்கொண்டபோதும் பீரங்கி முழங்கிற்று. ஆனால், அம்முழக்கம் சில திங்களில் ஓய்ந்தது. அதன்பின் எழுந்த ஒலி, காகிதத்தின்மேல் எழுதுகோல் ஓடும் மெல்லிய ஒலி. அந்த ஒலியே நூற்றைம்பது ஆண்டுகள் நீடித்தது. ஏகாதிபத்தியத்தின் காரணங்களையும் விளைவுகளையும் அறிய விரும்பும் மாணவர்கள், பீரங்கியைக் காட்டிலும் கணக்கேட்டையே ஊன்றி நோக்க வேண்டும் என்பது என் கருத்து.

எங்கள் பகுதியின் வரலாற்றையே சான்றாகக் கொள்வோம். 1781-இல் அமெரிக்காவின் யார்க்டவுனில் வாஷிங்டனிடம் தோற்றுச் சரணடைந்த படையின் தலைவர் காரன்வாலிஸ் பிரபு. அவரே பின்னர்க் கவர்னர் ஜெனரலாக வந்து, யார்க்டவுனுக்குப் பத்து ஆண்டுகள் கழித்துத் திப்பு சுல்தானோடு பொருதார். 1791-இல் ஓசூர்க் கோட்டை வீழ்ந்தது. 1792-இல் சீரங்கப்பட்டணத்து உடன்படிக்கையால் கிருஷ்ணகிரியும் தருமபுரியும் அடங்கிய பாராமகால் நாடு கிழக்கிந்தியக் கும்பினியின் கைக்குச் சென்றது. 1799-இல் திப்பு போர்க்களத்தில் மாண்டார். மைசூரின் ஒரு பகுதி உடையார் குலத்துச் சிறுவன் ஒருவனுக்கு அளிக்கப்பட்டது. ஓசூர் மேட்டுநிலமோ கும்பினியிடம் தங்கி, சேலம் மாவட்டத்தோடு சேர்ந்தது. இன்று எங்கள் ஊருக்கு அப்பால் செல்லும் மாநில எல்லைக்கும் அன்றைய பங்கீடே அடிப்படை. பங்கிட்டவர்கள் எங்கள் முன்னோரை ஒரு சொல்லும் கேட்டதில்லை.

நாடு கைக்கு வந்ததும் கும்பினி முதலில் செய்த வேலை யாது? நிலத்தை அளந்தது. அலெக்சாண்டர் ரீடு என்ற படைத்தலைவரும் அவருக்குத் துணையாக வந்த தாமஸ் மன்றோவும் ஏழாண்டுகள் பாராமகாலில் ஊர் ஊராகச் சென்றனர். வயல்தோறும் அளந்து, மண்ணின் தரம் கண்டு, பயிரிடுவோன் பெயருக்கே வரி விதித்தனர். ரயத்துவாரி என்று நீங்கள் பாடநூலில் படிக்கும் முறை இவ்வாறுதான் வளரத் தொடங்கிற்று.

மன்றோ கொடியவர் அல்லர். மக்களின் மொழிகளைக் கற்றவர். குடியானவனோடு நேரில் பேசியவர். இந்நாட்டாரை உயர் பதவிகளிலிருந்து விலக்கி வைப்பது அவர்களை இழிவுறச் செய்யும் என்று பிற்காலத்தில் எழுதியும் வைத்தார். பின்னர்ப் பெல்லாரி, கடப்பைப் பகுதிகளில் பணியாற்றியபோது, வரி மிகுதி என்று உணர்ந்து, அதில் நான்கில் ஒரு பங்கைக் குறைக்க வேண்டுமென 1807-இல் பரிந்துரைத்தார். மேலிடம் அதனை ஏற்கவில்லை. ஏன்? கும்பினிக்குப் போர்ச் செலவு இருந்தது. பங்குதாரர்க்கு ஆதாயம் தர வேண்டியிருந்தது. இங்கே தண்டிய வரிப்பணத்தைக் கொண்டே இங்குள்ள சரக்கை வாங்கி இலண்டனுக்கு அனுப்பும் வழக்கமும் இருந்தது. அதாவது, நம் பொருளுக்கு விலையாக நம் பணமே நமக்குத் தரப்பட்டது!

மாணவ நண்பர்களே, ஏகாதிபத்தியத்தின் இயல்பு இங்கே தெளிவாகின்றது. அது தீயவர் சிலரின் செயல் மட்டுமன்று. நல்லவர் ஒருவர் நாற்காலியில் அமர்ந்தாலும், கணக்கை முடிக்கும் இடம் கடலுக்கு அப்பால் இருந்தால், அவருடைய நன்மையும் அக்கணக்குக்கு உட்பட்டே நடக்கும்.

இனி விளைவைக் காண்போம். எங்கள் மேட்டுநிலத்தில் விளைவது கேழ்வரகும் கொள்ளும். கேழ்வரகு பல்லாண்டு கெடாமல் இருக்கும் தானியம். நல்ல ஆண்டின் விளைச்சலைக் குதிரிலும் குழியிலும் சேர்த்து வைப்பது, மழை தவறும் ஆண்டுக்கு மக்கள் தேடிக்கொண்ட காப்பு. முன்னிருந்த அரசர்களும் வரி வாங்கினார்கள். சிலர் கடுமையாகவும் வாங்கினார்கள். ஆனால், புதிய ஆட்சியில் கிஸ்தி குறித்த நாளில் பணமாகச் செலுத்தப்பட வேண்டும். தவறினால் நிலம் ஏலத்துக்கு வரும். பணத்துக்காகக் குடியானவன் அறுவடையானதும் மலிந்த விலைக்கு விற்றான். போதாததற்குக் கடன் வாங்கினான். குதிர் சிறுகச் சிறுகக் காலியாயிற்று.

சிறுவயதில் நான் தட்டில் களியை மீதம் வைத்தால், என் பாட்டி, “தாது வருஷத்தில் பிறந்திருந்தால் தெரிந்திருக்கும்” என்பார். அவர் அப்பஞ்சத்தைக் கண்டவர் அல்லர். தம் தாயார் சொல்லக் கேட்டவர். அது வசைமொழி என்றே அன்று நினைத்தேன். கல்லூரிக்குச் சென்று மக்கள்தொகைக் கணக்கைப் பார்த்த பிறகே அச்சொல்லின் கனம் எனக்கு விளங்கிற்று.

1871-ஆம் ஆண்டுக் கணக்கின்படி அன்றைய சேலம் மாவட்டத்து மக்கள் ஏறத்தாழ 19 லட்சத்து 67 ஆயிரம் பேர். 1881-இல் எண்ணியபோது இருந்தவர் ஏறத்தாழ 16 லட்சம். ஐவரில் ஒருவர் என்னும் அளவுக்குக் குறைவு! மாண்டவர் பலர்; ஊரை விட்டுச் சென்றவரும் உளர். இடையில் நிகழ்ந்தது 1876 முதல் 1878 வரை நீடித்த தாது வருஷப் பஞ்சம்.

மழை பொய்த்தது உண்மை. ஆனால், மழை பொய்த்ததனாலேயே இத்தனை பேர் மடிய வேண்டும் என்பதில்லை. 1874-இல் பீகாரில் பஞ்சம் தோன்றியபோது, ரிச்சர்டு டெம்பிள் என்ற அதிகாரி பர்மாவிலிருந்து அரிசி வருவித்துப் பெருஞ்சாவைத் தடுத்தார். அதற்கு அவர் பெற்ற பரிசு, பணத்தை விரயம் செய்தார் என்ற பழி. அவரே 1877-இல் சென்னை மாகாணத்துக்கு அனுப்பப்பட்டபோது, அப்பழியைப் போக்கிக்கொள்ள முனைந்தார். நிவாரண வேலையில் உழைத்த ஆளுக்கு நாள் ஒன்றுக்கு ஒரு பவுண்டு தானியமும் சிறு காசும் போதும் என்று வகுத்தார். ஒரு பவுண்டு என்பது அரைக் கிலோவினும் குறைவு. இது உயிர் தாங்காது என்று மாகாணத்தின் சுகாதார அதிகாரி கார்னிஷ் வாதாடினார். சில மாதங்கள் கழித்தே கூலி உயர்ந்தது. அதே காலத்தில் இந்தியாவிலிருந்து கோதுமை இங்கிலாந்துக்குக் கப்பலேறியது. இரயிலும் இருந்தது. ஆனால், பசி உள்ள இடத்தைத் தேடி இரயில் ஓடாது. விலை உள்ள இடத்தை நோக்கியே ஓடும்.

இத்துயரைக் கேள்வியுற்ற பிரிட்டிஷ் பொதுமக்கள் இலண்டனில் பெருநிதி திரட்டி அனுப்பினர் என்பதையும் நாம் மறத்தல் ஆகாது. நம் வழக்கு அம்மக்களோடு அன்று. அவர்கள் பெயரால் நடந்த அமைப்போடுதான்.

இம்முறை இந்தியாவோடு நின்றதா எனில், இல்லை. 1830 முதல் ஜாவாவில் டச்சுக்காரர் உழவரைக் கட்டாயப்படுத்திக் காப்பியும் கரும்பும் அவுரியும் பயிரிடச் செய்தனர். 1898-இல் ஆப்பிரிக்காவின் சியரா லியோனில் குடிசைக்கு வரி விதித்தபோது மக்கள் ஆயுதம் ஏந்தினர். பணத்தையே காணாதவனிடம் பணமாக வரி கேட்டால், அவன் தன் விளைச்சலையோ உழைப்பையோ விற்றே தீர வேண்டும். நம்மவர் நேட்டாலுக்கும் இலங்கைக்கும் மலேயாவுக்கும் கூலிகளாகக் கப்பலேறியதன் பின்னணியிலும் இந்த நெருக்கடி இருந்தது.

சாலை தந்தார்கள், பள்ளி தந்தார்கள், சட்டம் தந்தார்கள் என்பார் உண்டு. தந்தவற்றை மறுக்க வேண்டியதில்லை. நம்மவர் அவற்றைத் தமக்குரிய கருவிகளாக மாற்றிக்கொண்டதே வரலாற்றின் சிறப்பு. எங்கள் ஊருக்கு அண்மையிலுள்ள தொரப்பள்ளியில், அப்பஞ்சம் ஓய்ந்த 1878-ஆம் ஆண்டில் ஒரு குழந்தை பிறந்தது. தந்தையார் ஊர் முனிசீப். அந்த ஆட்சியின் கணக்கேட்டுக்கு உரிய பணியாளர். ஆங்கிலக் கல்வியும் சட்டமும் பயின்ற அம்மகன், 1930-இல் வேதாரணியத்தில் உப்பு அள்ளிச் சிறை புகுந்தார். உப்பு வரியும் அதே கணக்கேட்டின் ஒரு பக்கமே அன்றோ? 1948-இல், காரன்வாலிஸ் வகித்த கவர்னர் ஜெனரல் பதவியில் அமர்ந்த முதல் இந்தியரும் அவரே. அவர்தாம் இராஜாஜி.

விடுதலைக்குப் பின் 1950-களில் கிருஷ்ணகிரிக்கு அருகே தென்பெண்ணையாற்றுக்குக் குறுக்கே அணை எழுந்தது. 1970-களிலிருந்து ஓசூரில் தொழிற்சாலைகள் பெருகின. இன்று எங்கள் பகுதி நிலத்தை மீண்டும் அளக்கிறார்கள், விலை பேசுகிறார்கள். இது அந்நியர் ஆட்சி அன்று. நாம் வாக்களித்து அமைத்த ஆட்சி. அந்த வேறுபாடு பெரிது. ஆயினும், கேட்க வேண்டிய கேள்வி மாறிவிடவில்லை. இந்த ஏட்டில் எவருடைய நலம் வரவாக எழுதப்படுகின்றது? எவருடைய வாழ்வு செலவாக எழுதப்படுகின்றது? இக்கேள்வியைக் கேட்க எங்கள் முன்னோர்க்கு உரிமை இல்லை. உங்களுக்கு உண்டு. அவ்வுரிமையைப் பயன்படுத்தாமல் விடுவது, தாது வருஷத்தை மறப்பதாகும்.