நோயாளியை முன்நிறுத்திய மருத்துவம்



திருக்குறளில் மருந்து என்றோர் அதிகாரம் உண்டு. பொருட்பாலில் அமைந்த 95ஆம் அதிகாரம் அது. பரிமேலழகர் வகுத்த முறையில் அங்கவியலின் இறுதியில், கள்ளுண்ணாமை, சூது ஆகிய இரண்டையும் அடுத்து நிற்கிறது. தீய பழக்கங்களைப் பேசி முடித்தவுடன் நோயைப் பேசும் அந்த வைப்புமுறையே எண்ணத்தக்கது. அதனினும் வியப்புக்குரியது வேறொன்று. மருந்து என்று தலைப்பிட்ட அதிகாரத்தில் ஒரு மூலிகையின் பெயர்கூட இல்லை. சூரணம் இல்லை, லேகியம் இல்லை. பத்துக் குறள்களுள் முதலாவது, வாதம் முதலிய மூன்றும் மிகுவதாலும் குறைவதாலும் நேரும் நோயைச் சொல்கிறது. அடுத்த ஆறும் உணவைப் பற்றியவை. முன்பு உண்டது செரித்ததா, பசி உண்மையானதா, அளவு எவ்வளவு, உடலுக்கு ஒவ்வாதது எது என்பவையே அவற்றின் கேள்விகள். எஞ்சிய மூன்று குறள்களில்தான் மருத்துவன் வருகிறான். அங்கும் அவனுக்குச் சொல்லப்படுவது இன்ன மருந்தைக் கொடு என்பதன்று. நோயை அறி, அதன் காரணத்தை அறி, தணிக்கும் வழியை அறி, பிறகு பிழையாமல் செய் என்பதே.

இறுதிக் குறளில் மருத்துவம் நான்கு உறுப்புகளாகப் பகுக்கப்படுகிறது. நோயுற்றவன், தீர்க்கும் மருத்துவன், மருந்து, அருகிருந்து பார்த்துக்கொள்பவன் என்பன அவை. இப்பகுப்பு வள்ளுவருக்கு மட்டும் உரியதன்று. சரக சங்கிதையின் சூத்திரத்தானம் ஒன்பதாம் அத்தியாயமும் இதே நான்கைக் கூறுகிறது. ஆனால் அங்கே வரிசை வேறு. மருத்துவன் முதலில், மருந்து அடுத்து, பணியாளன் மூன்றாவதாக, நோயாளி கடைசியில். நால்வருள் மருத்துவனே தலைமையானவன் என்று அந்நூல் விளக்கமும் தருகிறது. வள்ளுவரின் வரிசையிலோ நோயாளி முதலில் நிற்கிறான். யாப்பின் தேவையால் நேர்ந்த மாற்றம் அது என்று ஒருவர் சொல்லக்கூடும். ஒரு சொல்லை இடம்பெயர்க்கத் தளைக்கும் எதுகைக்கும் எவ்வளவு வல்லமை உண்டு என்பதை இந்த அவைக்கு எடுத்துச் சொல்ல வேண்டியதில்லை. ஆனால் அதற்கு முந்தைய குறளையும் சேர்த்து நோக்க வேண்டும். கற்றறிந்த மருத்துவன் கருத வேண்டிய மூன்றை அது அடுக்குகிறது. அங்கும் நோயாளியின் அளவு முதலாவது, நோயின் அளவு இரண்டாவது, காலம் மூன்றாவது. அடுத்தடுத்த இரு குறள்களில் ஒரே ஆள் முதலிடம் பெறுவதை யாப்பின் தலையில் மட்டும் சுமத்துவது கடினம்.

இதைக்கொண்டு வள்ளுவர் எல்லாம் அறிந்திருந்தார் என மேடையில் முழங்குவது அவருக்குச் செய்யும் சிறப்பாகாது. காசநோயின் கிருமியை ராபர்ட் கோக் உலகுக்கு அறிவித்தது 1882ஆம் ஆண்டில்தான். அதற்கு முன் எந்த மொழிப் புலவனும் அதை அறிந்தானில்லை. குறளில் இருப்பது மருத்துவ அறிவின் முடிவன்று. மருத்துவம் எங்கிருந்து தொடங்க வேண்டும் என்னும் ஒரு வரிசை.

அந்த வரிசை மேலை நாட்டு மருத்துவத்தில் மீண்டும் பேசப்பட்டது இருபதாம் நூற்றாண்டில். 'ஹோலிசம்' என்ற சொல்லை 1926இல் தம் நூலின் வழியே புழக்கத்துக்குக் கொண்டுவந்தவர் மருத்துவர் அல்லர். தென்னாப்பிரிக்காவில் காந்தியடிகளை எதிர்த்து நின்ற அரசியல்வாதி ஜான் ஸ்மட்ஸ். முழுமை என்பது பகுதிகளின் கூட்டுத்தொகை மட்டுமன்று என்பது அவருடைய வாதம். அதே ஆண்டில் ஹார்வர்டு மருத்துவ மாணவர்களுக்குப் பிரான்சிஸ் பீபாடி ஓர் உரையாற்றினார். ஆய்வுக்கூட முடிவுகளை நன்கு படிக்கத் தெரிந்த இளம் மருத்துவர்களுக்குப் படுக்கையில் கிடக்கும் மனிதனைப் படிக்கத் தெரியவில்லை என்பது அவருடைய கவலை. நோயாளியின் மீது கொள்ளும் உண்மையான அக்கறையில்தான் மருத்துவத்தின் இரகசியம் உள்ளது என்று அவர் முடித்தார். அடுத்த ஆண்டே அவர் புற்றுநோயால் மறைந்தார்.

1991இல் அமெரிக்க உயிர்வேதியியலாளர் ஜெஃப்ரி பிளாண்ட் முன்னின்று, 'ஃபங்ஷனல் மெடிசின்' என்ற பெயரில் ஒரு நிறுவனம் தொடங்கப்பட்டது. செயற்பாட்டு மருத்துவம் என்று தமிழில் சொல்லலாம். நோய்க்குப் பெயர் சூட்டுவதோடு நில்லாமல் உடலின் எந்தச் செயல் எதனால் தடுமாறியது என்று தேடுவது, உணவு, உறக்கம், உழைப்பு, மனச்சுமை, உறவுகள் ஆகிய அனைத்தையும் கேட்டறிவது, பிறப்பு முதல் இன்றுவரை நோயாளியின் வரலாற்றைக் கால வரிசையில் எழுதிப் பார்ப்பது ஆகியவை அதன் முறைகள். நாடி, தொடுகை, நாக்கு, நிறம், மொழி, விழி, மலம், சிறுநீர் என எண்வகைத் தேர்வு செய்யும் சித்த மருத்துவ மரபில் வளர்ந்தவருக்கு இவ்வணுகுமுறை அந்நியமாகத் தோன்றாது.

நோயாளியின் வரலாற்றைக் கேளாமல் விடுவதன் விலை என்ன என்பதற்குத் தமிழகம் அறிந்த ஒரு வாழ்க்கையே சான்றாக நிற்கிறது. கணித மேதை ராமானுஜன் 1914இல் கேம்பிரிட்ஜ் சென்றார். போர்க்காலம், குளிர், மரக்கறி உணவைத் தாமே சமைத்து உண்ணும் தனிமை. 1917இல் நோயுற்றார். காசநோய் என்றே மருத்துவர்கள் கருதினர். மெண்டிப் மலையில் மருத்துவர் சௌரி முத்து நடத்திய சானடோரியத்திலும் சில காலம் தங்கினார். 1919இல் தாயகம் திரும்பினார். 1920 ஏப்ரல் 26 அன்று சென்னைச் சேத்துப்பட்டில், 32ஆம் வயதில் மறைந்தார். 1994இல் டி. ஏ. பி. யங் என்பவர் கிடைத்த குறிப்புகளையெல்லாம் மீண்டும் ஆராய்ந்தார். காசநோயைவிட ஈரலைத் தாக்கிய அமீபா நோயே பொருந்துகிறது என்பது அவர் கண்ட முடிவு. அதற்கு அவர் காட்டிய முதன்மைச் சான்றுகளுள் ஒன்று, 1906இல் ராமானுஜனுக்கு வந்த சீதபேதி. அந்தப் பழைய நோய் குடலில் ஒளிந்திருந்து பத்தாண்டுகளுக்குப் பின் ஈரலில் தலைதூக்கியிருக்கலாம். யங்கின் முடிவை இனி யாரும் உடலைச் சோதித்து உறுதிப்படுத்த இயலாது. எனினும் அது சரியென்றால், அக்காலத்திலேயே அறியப்பட்டிருந்த மருந்தால் தீர்த்திருக்கக்கூடிய நோய் அது. முழு மனிதனையும் கேட்பது பண்புக்காக மட்டும் செய்யப்படும் ஒன்றன்று. நோயை அறியும் வழியே அதுதான்.

முழுமை என்ற சொல்லுக்கு மயங்கிவிடுபவர்களும் கேட்க வேண்டிய மறுபக்கம் ஒன்று உண்டு. அதே சௌரி முத்து இந்தியா திரும்பி 1928இல் தாம்பரத்தில் ஒரு சானடோரியம் தொடங்கினார். இன்றும் அங்குள்ள ரயில் நிலையம் தாம்பரம் சானடோரியம் என்ற பெயரையே தாங்கி நிற்கிறது. தூய காற்று, ஓய்வு, ஊட்டமான உணவு, கவலையற்ற சூழல். காசநோய்க்கு அன்று உலகெங்கும் தரப்பட்ட மருத்துவம் இது. இன்று முழுநல மருத்துவம் பேசுவோர் விரும்பும் எல்லாம் அதில் இருந்தன. கிருமியைக் கொல்லும் மருந்து மட்டும் இல்லை. ஸ்ட்ரெப்டோமைசின் கண்டறியப்பட்டது 1943இல். பிரிட்டனில் அம்மருந்தைச் சோதித்த ஆய்வின் முடிவு வெளிவந்தது 1948இல். அதே 1948இல்தான், 'ராஜமுக்தி' படவேலைக்காகப் புனே சென்றிருந்த புதுமைப்பித்தன் காசம் முற்றித் திருவனந்தபுரத்தில் மறைந்தார். சில ஆண்டுகளின் இடைவெளியில் தமிழ்ச் சிறுகதை இழந்தது எதை என்பதை இந்த வட்டம் அறியும்.

1956இல் சென்னையில் காசநோய் வேதிச்சிகிச்சை மையம் தொடங்கியது. இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம், சென்னை அரசு, உலக சுகாதார நிறுவனம், பிரிட்டனின் மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் ஆகியவை கைகோத்த முயற்சி அது. அங்கு எழுப்பப்பட்ட கேள்வி எளிமையானது. ஐசோனியசிட், பாஸ் என்னும் இரு மருந்துகளை ஓராண்டு உட்கொள்ளும் நோயாளிக்குச் சானடோரியம் தேவையா? ஏழை நோயாளிகளைக் குலுக்கல் முறையில் பிரித்து, ஒரு சாராரைச் சானடோரியத்துக்கும் மறு சாராரை அவரவர் வீட்டுக்கும் அனுப்பினர். வீட்டில் இருந்தோர் நெரிசலான குடியிருப்புகளில் வாழ்ந்தனர், குறைவாகவே உண்டனர், பலர் வேலைக்கும் சென்றனர். சானடோரியத்தில் இருந்தோருக்கு நல்ல உணவும் ஓய்வும் கிடைத்தன. 1959இல் வெளியான முடிவு மருத்துவ உலகைத் திகைக்க வைத்தது. இரு சாராரும் ஏறத்தாழ ஒன்றுபோலவே குணமடைந்திருந்தனர். வீட்டில் நோயாளியோடு வாழ்ந்த குடும்பத்தாருக்கும் அதனால் கூடுதலாக நோய் தொற்றவில்லை. நாடுகள் பல சானடோரியங்களைப் படிப்படியாக மூடத் தொடங்கியதற்கு இந்த ஆய்வு ஒரு முக்கியக் காரணம். அம்மையம் இன்று தேசியக் காசநோய் ஆராய்ச்சி நிறுவனம் என்ற பெயரோடு, ராமானுஜன் மறைந்த அதே சேத்துப்பட்டில் இயங்கி வருகிறது.

அப்படியானால் உணவைப் பேசிய ஆறு குறள்களும் பொய்யா? அப்படி முடிவுகட்டுவோரும் இருந்தனர். அதற்கு விடை கிடைக்க அறுபது ஆண்டுகளுக்கு மேல் ஆயிற்று. ஜார்க்கண்ட் மாநிலத்தின் நான்கு மாவட்டங்களில் 2,800 காசநோயாளிகளின் குடும்பத்தாரை ஓர் ஆய்வு பின்தொடர்ந்தது. நோயாளிகள் அனைவருக்கும் மருந்தோடு உணவுப்பொருளும் வழங்கப்பட்டது. குடும்பங்களில் ஒரு சாராருக்கு மட்டும், நோயாளியோடு வாழ்ந்த மற்றவர்களுக்கும் மாதந்தோறும் அரிசியும் பருப்பும் நுண்சத்து மாத்திரையும் தரப்பட்டன. 2023இல் வெளியான முடிவின்படி, உணவு பெற்ற குடும்பங்களில் புதிதாகக் காசநோய் வருவது 39 விழுக்காடு குறைந்தது. கிருமி வந்தபின் அதைக் கொல்லும் வேலையை உணவு செய்யாது. கிருமி வேரூன்றாமல் காக்கும் வேலையை மருந்துக்கடை செய்யாது. சென்னையும் ஜார்க்கண்டும் ஒன்றையொன்று மறுக்கவில்லை. கேள்விகள் வேறு; விடைகளும் வேறு.

நீரிழிவைப் பற்றியும் சென்னையில் நடந்த ஓர் ஆய்வு இங்கு நினைக்கத்தக்கது. மருத்துவர் அ. ராமச்சந்திரன் குழுவினர், நோயின் வாசலில் நின்ற 531 பேரை ஏறத்தாழ மூன்றாண்டுகள் கவனித்து 2006இல் முடிவை வெளியிட்டனர். உணவு முறையையும் நடைப்பயிற்சியையும் மாற்றியவர்களிடம் நீரிழிவு வருவது 28.5 விழுக்காடு குறைந்தது. மெட்ஃபார்மின் மாத்திரை உட்கொண்டவர்களிடம் 26.4. இரண்டையும் சேர்த்துச் செய்தும் கூடுதல் பயன் விளையவில்லை. அளவறிந்து உண்பதும் நடப்பதும் மாத்திரைக்கு ஈடுநின்றன என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று தேவையில்லை.

முழுமையின் பெயரால் இன்று நடக்கும் வணிகத்தைப் பற்றியும் ஒரு சொல். நோயின் வேரைத் தேடுவதாகச் சொல்லி நிறுவப்படாத பத்துச் சோதனைகளை எழுதித் தருவதும், அவற்றின் முடிவைக் காட்டி இருபது சத்துப் புட்டிகளை விற்பதும் பல நகரங்களில் தொழிலாகிவிட்டன. ஒரு மாத்திரையின் இடத்தில் இருபது மாத்திரைகளை வைப்பதற்கு முழுநலம் என்று பெயரிடுவது பொருந்தாது. மூலிகையென்றும் இயற்கையென்றும் அச்சிட்ட புட்டிகளுக்கும் இது பொருந்தும். சானடோரியம் ஏற்ற சோதனையை இவையும் ஏற்கட்டும். உறுதியான மருந்துள்ள காசநோயிலும் புற்றுநோயிலும் முழுமையின் பேரால் மருந்தை நிறுத்தச் சொல்பவர், அந்த நால்வருள் முதலாமவனுக்கே தீங்கு செய்கிறார்.

நான்காம் உறுப்பைப் பற்றி மருத்துவ நூல்கள் குறைவாகவே பேசுகின்றன, இலக்கியம் பேசியிருக்கிறது. புதுமைப்பித்தனின் 'செல்லம்மாள்' கதையில் துணிக்கடையில் உழைத்துத் தேயும் பிரமநாயகம் பிள்ளை, நோயாளி மனைவியைத் தாமே கவனித்துக்கொள்கிறார். வேலைக்குப் போக வேண்டும், வீடு திரும்பிச் சமைக்க வேண்டும், இரவில் விழித்திருக்க வேண்டும். அருகிருந்து பார்த்துக்கொள்பவன் என்று குறள் சொல்லிச் சென்றவன் எப்படி இருப்பான், அவனை யார் பார்த்துக்கொள்வார் என்பதைத் தமிழில் அந்தக் கதை அளவுக்குச் சொன்னவை சில.

சென்னை ஆய்வில் வீட்டில் இருந்த நோயாளிகள் குணமடைந்ததற்கு மருந்து மட்டுமே காரணம் என்று சொல்லிவிட முடியாது. ஓராண்டு முழுவதும் நாள் தவறாமல் கசக்கும் மருந்தை விழுங்குவது எளிதன்று. இருமல் நின்ற சில வாரங்களிலேயே பலர் மருந்தை விட்டுவிடுவார்கள். ஆகவே மையத்தின் சுகாதாரப் பணியாளர்கள் முன்னறிவிப்பின்றி வீடுகளுக்குச் சென்றனர், எஞ்சிய மாத்திரைகளை எண்ணினர், மருந்து உட்கொண்டதைச் சிறுநீர்ச் சோதனையால் அறிந்தனர், குடும்பத்தாரோடு பேசினர். சில ஆண்டுகளில், பணியாளர் கண்முன்னே வாரம் இருமுறை மருந்து கொடுக்கும் முறையையும் அதே மையம் சோதித்து, 1964இல் முடிவை வெளியிட்டது. நேரடிக் கண்காணிப்பில் மருந்தளிக்கும் முறை பின்னர் உலகெங்கும் பரவியபோது, அதன் வேர்களுள் ஒன்று சென்னையின் குறுகிய சந்துகளில் கதவைத் தட்டிச் சென்ற அந்தப் பணியாளர்களின் உழைப்பில் இருந்தது.