ஆண்டிறுதியில் தேவைப்படும் 15 கையெழுத்துகள்



ஆண்டிறுதித் தேர்வு முடிந்துவிட்டால் பள்ளியும் முடிந்துவிட்டது என்றே பல பெற்றோர் எண்ணுகின்றனர். "இனி எதற்குப் பள்ளிக்கு?" என்று பிள்ளை கேட்டால், மறுத்துச் சொல்ல வீட்டில் ஆள் இருப்பதில்லை. ஆனால், சிற்றூரில் இருக்கும் ஒரு சிறிய இடைநிலைப்பள்ளிக்கு அந்தக் கடைசி வாரங்கள்தாம் மிக முக்கியமானவை.

அந்த வாரங்களில் என்ன நடக்கிறது? 1975ஆம் ஆண்டு தொடங்கிய பாடநூல் கடனுதவித் திட்டத்தில் பெற்ற நூல்களைத் திருப்பி ஒப்படைக்க வேண்டும். வகுப்பறையைத் துப்புரவு செய்யும் கோத்தோங் ரோயோங் நடக்கும். பரிசளிப்பு விழா, ஐந்தாம் படிவ மாணவர்களுக்குப் பிரியாவிடை, அடுத்த ஆண்டுக்கான கழகப் பொறுப்பாளர் தேர்வு என வரிசையாக வரும். பெரிய பள்ளியில் இவற்றுக்கெல்லாம் தனித்தனிக் குழுக்கள் உண்டு. சிறிய பள்ளியில் நாற்காலி அடுக்கும் மாணவனே மேடையேறி அறிவிப்பும் செய்வான். நடனமாடிய மாணவியே பிறகு மண்டபத்தைக் கூட்டுவாள். அங்கே வேடிக்கை பார்க்க யாருக்கும் நேரம் இருக்காது.

இது வெறும் பொழுதுபோக்கு அன்று. அரசாங்கப் பல்கலைக்கழக நுழைவுக்குரிய தகுதிப் புள்ளியில் 10 விழுக்காடு புறப்பாட நடவடிக்கைக்கு உரியது. கழகத் தலைவர், செயலாளர் போன்ற பொறுப்புகளுக்கு அதில் மதிப்பு உண்டு. ஆயிரக்கணக்கான மாணவர் பயிலும் பள்ளியில் அத்தகைய பதவி சிலருக்கே வாய்க்கும். சிறிய பள்ளியிலோ கூச்சப்படும் பிள்ளையையும் பொறுப்பு தேடி வரும். கடைசி வாரங்களில் பள்ளிக்கு வராதவன் அந்த வாய்ப்பைத் தானே கைநழுவ விடுகிறான்.

இதைவிடப் பெரிய இழப்பு ஒன்றும் உண்டு. அது தமிழ் வகுப்பு.

மலேசியாவில் தமிழ்ப்பள்ளிகள் 500க்கும் மேல் உள்ளன. ஆனால், அவை ஆறாம் ஆண்டோடு நின்றுவிடுகின்றன. அதன் பிறகு தேசிய இடைநிலைப்பள்ளியில் தமிழ் ஒரு பாடம் மட்டுமே. குறைந்தது 15 மாணவர்களின் பெற்றோர் கேட்டுக்கொண்டால் தமிழ் கற்பிக்க 1996ஆம் ஆண்டுக் கல்விச் சட்டம் வகை செய்கிறது. கேட்க வேண்டியது பெற்றோர் என்பதே இதில் கவனிக்க வேண்டியது.

நம்மவர் குறைவாக உள்ள பள்ளியில் இரண்டு மூன்று குடும்பங்கள் ஒதுங்கினாலே அந்த எண்ணிக்கை ஆட்டம் கண்டுவிடும். ஐந்தாம் படிவத்தினர் வெளியேறுவதும், மூன்றாம் படிவத்தினர் நான்காம் படிவத்திற்குப் பாடம் தேர்ந்தெடுப்பதும், ஆறாம் ஆண்டு முடித்தவர்கள் முதலாம் படிவத்திற்குப் பதிவதும் ஏறக்குறைய ஒரே வேளையில் நடக்கின்றன. பி.எம்.ஆர். தேர்வு 2013க்குப் பின் நடைபெறவில்லை. அதற்கு மாற்றாக வந்த பி.டி.3 தேர்வும் 2022இல் ரத்தானது. இடையில் அரசாங்கத் தேர்வு எதுவும் இல்லாததால், மூன்றாம் படிவத்தோடு தமிழைச் சத்தமின்றி விட்டுவிடுவது எளிதாகிவிட்டது.

எஸ்.பி.எம். தேர்வில் 10 பாடங்கள்தாம் எடுக்கலாம் என்ற முடிவு 2009இல் வந்தபோது, தமிழும் தமிழ் இலக்கியமும் பாதிக்கப்படும் என்று சமுதாயம் குரல் கொடுத்தது. அந்த ஆண்டின் இறுதியிலேயே கூடுதலாக 2 பாடங்களுக்கு வழி பிறந்தது. அன்று ஒன்றுகூடிக் கேட்ட சமுதாயம், இன்று தன் பிள்ளையின் பள்ளியில் ஒரு கடிதம் எழுதத் தயங்கலாமா?

தடைகள் இல்லாமல் இல்லை. பல பள்ளிகளில் தமிழ் வகுப்பு பள்ளி நேரத்திற்குப் பிறகு நடக்கிறது. பள்ளிப் பேருந்தோ மணி அடித்ததும் புறப்பட்டுவிடுகிறது. தாயும் தந்தையும் வேலைக்குப் போகும் வீட்டில் பிள்ளையை யார் அழைத்து வருவது? இது நியாயமான கேள்வி. நான்கு குடும்பங்கள் முறை வைத்துக்கொண்டால், ஒரு வீட்டுக்கு மாதம் ஒரு வாரம்தான் பொறுப்பு வரும். ஆண்டிறுதி நிகழ்ச்சிகளுக்குப் பெற்றோர் வந்தால்தான் அந்த நான்கு குடும்பங்களும் ஒன்றையொன்று அறிந்துகொள்ள முடியும்.

2022இல் மார்ச் மாதத்திற்குத் தள்ளிப்போன கல்வியாண்டு, 2026இல் மீண்டும் ஜனவரிக்குத் திரும்பியுள்ளது. ஆகவே, நீண்ட விடுமுறை தொடங்குமுன் பெற்றோர் மூன்று காரியங்களைச் செய்யலாம். பிள்ளையைக் கடைசி நாள்வரை பள்ளிக்கு அனுப்புங்கள். பிரியாவிடைக்கோ பரிசளிப்பு விழாவுக்கோ நேரில் சென்று மற்றப் பெற்றோரிடம் பேசுங்கள். அடுத்த ஆண்டு தமிழ் படிக்கப்போகிறவர்கள் எத்தனை பேர் என்று தமிழாசிரியரைக் கேட்டறிந்து, தலைமையாசிரியருக்குக் கூட்டாகக் கடிதம் கொடுங்கள்.

மூடப்பட்ட வகுப்பை மீண்டும் திறப்பது கடினம். இருக்கும் வகுப்பைக் காப்பதற்கு 15 கையெழுத்துகள் போதும். அவற்றுள் உங்கள் கையெழுத்தும் ஒன்றாக இருக்கட்டும்.