நம் சட்டியில் எந்த அரிசி?

(கிள்ளான் வட்டாரத் தொழிலாளர் கூட்டத்தில் ஆற்றிய உரை)



சம்பளத்தைப் பற்றி நாம் பேசாத கூட்டமில்லை. இன்று அந்தச் சம்பளத்தில் வாங்கும் அரிசியைப் பற்றிப் பேசுவோம். இதுவும் தொழிலாளர் பிரச்சினைதான். உழைக்கும் உடம்பு ஒன்றுதானே நமக்குள்ள முதல்!

இந்த நாட்டு வரலாறே இதற்குச் சான்று. சென்ற நூற்றாண்டின் தொடக்கத்தில் மலாயாவில் பெரிபெரி என்னும் கொடிய நோய் பரவியிருந்தது. கால் வீங்கும், நரம்பு தளரும், முடிவில் இருதயம் நின்றுவிடும். ஈயச் சுரங்கங்களில் உழைத்த சீனத் தொழிலாளர்கள் ஏராளமாக மாண்டனர். தோட்டத்துத் தமிழர்களை மட்டும் அந்நோய் அவ்வளவாக அண்டவில்லை. காரணம் என்ன? சீனர் உண்டது தீட்டிய வெள்ளை அரிசி. தமிழர் உண்டது புழுங்கல் அரிசி. நெகிரி செம்பிலானில் அரசாங்க மருத்துவராக இருந்த பிராடன் இதை ஆராய்ந்து 1907இல் நூலாக வெளியிட்டார்.

கோலாலம்பூர் மனநோய் விடுதியில் மருத்துவர் பிளெட்சர் இதைச் சோதித்தே பார்த்தார். 1905 டிசம்பர் முதல் ஓராண்டுக் காலம், அங்கிருந்தோரை வரிசையாக நிறுத்தி எண்ணிட்டு, ஒரு சாராருக்கு வெள்ளை அரிசியும் மறு சாராருக்குப் புழுங்கல் அரிசியும் கொடுத்தார். வெள்ளை அரிசி உண்ட 120 பேரில் முப்பதுக்கு மேற்பட்டோரைப் பெரிபெரி பற்றியது. 18 பேர் அதற்குப் பலியாயினர். புழுங்கல் அரிசி உண்ட 123 பேரில் ஒருவர்கூட அந்நோயால் சாகவில்லை. நடுவில் இரு சாராரின் இருப்பிடத்தையும் மாற்றிப் பார்த்தார். நோய் இடத்தோடு போகவில்லை; அரிசியோடுதான் போயிற்று. அந்த ஏழைகளைச் சம்மதம் கேட்கும் வழக்கம் அந்நாளில் இல்லை. அவர்கள் உயிரைக் கொடுத்து நமக்கு விட்டுச்சென்ற பாடம் இது.

விளக்கம் பின்னரே கிடைத்தது. நெல்லை ஊறவைத்து அவிக்கும்போது தவிட்டிலுள்ள சத்தில் ஒரு பகுதி அரிசிக்குள் இறங்கிவிடுகிறது. பிறகு தீட்டினாலும் முழுதும் போய்விடுவதில்லை. 1926இல் ஜாவாவில் இரண்டு விஞ்ஞானிகள் அந்தச் சத்தைத் தவிட்டிலிருந்தே பிரித்தெடுத்தனர். அதுதான் பி-1 உயிர்ச்சத்து.

பெரிபெரி ஒழிந்ததென்று நாம் மகிழலாம். ஆனால் நம் நிலை இன்று என்ன? 2019ஆம் ஆண்டின் தேசிய சுகாதார ஆய்வைப் பாருங்கள். நாட்டின் பெரியவர்களில் சுமார் 18 விழுக்காட்டினருக்கு இனிப்பு நீர் நோய். இந்தியர்களிலோ 31 விழுக்காடு! உடற்பருமனிலும் நாமே முன்வரிசை. சத்தில்லாத அரிசியால் அன்று மாண்டவர்கள் மற்றவர்கள்; மிஞ்சிய சோறும் மாவும் இன்று வாட்டுவது நம்மை.

பால்மரம் வெட்டி, மலையேறி, வாளி சுமந்தவர் உண்ட சோறு உழைப்பில் கரைந்தது. இன்று நம்மில் பலருக்கு வேலை கிள்ளானிலும் பிரிக்பீல்ட்சிலும் நாற்காலியில், அல்லது லாரியில். தட்டுச் சோறு மட்டும் குறையவில்லை. காலையில் ரொட்டி சானாய், பகலில் வெள்ளைச் சோறு, இரவில் மீ.

தோழர்களே! 100 கிராம் கேழ்வரகிலும் முழுக் கோதுமை மாவிலும் நார்ச்சத்து சுமார் 11 கிராம். வெள்ளை அரிசியிலும் மைதாவிலும் 3 கிராம்கூட இல்லை. நார் நமக்குச் செரிக்காது. ஆனால் குடலில் வாழும் கோடானுகோடி நுண்ணுயிர்களுக்கு அதுவே தீனி. அவை அதைப் புளிக்கவைத்து உண்டாக்கும் அமிலங்கள் குடலின் உட்சுவரைப் பேணுகின்றன. மலச்சிக்கலும் நீங்குகிறது. நார் மிகுந்த உணவு வயிற்றில் நின்று பசியடக்கும். மைதா விரைவில் கரைந்து, இரத்தத்தில் சீனியை ஏற்றி, மீண்டும் பசியைக் கூப்பிடும். எடை ஏறும் வழிகளில் இதுவும் ஒன்று. வடித்த சோறு ஆறும்போது அதன் மாவில் ஒரு பகுதி எளிதில் செரிக்காததாகி, நாரைப்போலவே குடலுக்கு உதவுகிறது. நம் பாட்டிமார் ஊற்றிய பழைய சோறு கேவலமில்லை!

ஆனால் கேழ்வரகு மந்திரமல்ல. சீனியைக் கொட்டிக் கஞ்சி காய்ச்சிக் குடித்தால் பயனில்லை. அளவுக்கு மீறினால் எந்தத் தானியமும் எடை கூட்டும். திடீரென்று மாறினால் வயிறு உப்பும். சிறிது சிறிதாக மாற்றுங்கள், தண்ணீர் நிறையக் குடியுங்கள். இனிப்பு நீருக்கு மருந்து உண்பவர்கள் கிளினிக்கில் கேட்டுச் செய்யுங்கள்.

வீட்டில் செய்யவேண்டியது இவ்வளவு. சங்கம் செய்யவேண்டியதும் உண்டு. உள்ளூர் வெள்ளை அரிசிக்குக் கிலோ 2 வெள்ளி 60 காசு என்று அரசாங்கம் 2008இல் உச்ச விலை விதித்தது. தீட்டாத அரிசியோ அதைவிடக் கூடிய விலைக்கு விற்கிறது. நல்ல தானியம் வசதியுள்ளவனுக்கு மட்டுந்தானா? ஆகவே நாம் கேட்போம்:

1. கூட்டுறவுக் கடைகள் புழுங்கல் அரிசி, தீட்டாத அரிசி, கேழ்வரகு ஆகியவற்றை மொத்தமாக வாங்கிக் கட்டுப்படியாகும் விலையில் விற்க வேண்டும்.

2. பிள்ளைக் காப்பகங்களிலும் வேலையிட உணவுக்கூடங்களிலும் இவற்றுக்கு இடம் வேண்டும்.

3. உறுப்பினர் அனைவருக்கும் ஆண்டுக்கொரு முறை இரத்தச் சோதனை வேண்டும்.

கூலிக்காகப் போராடி வென்ற பணத்தை மருந்துக்கும் ஆஸ்பத்திரிக்கும் கட்டுவதா? நாளைச் சோற்றிலேயே மாற்றத்தைத் தொடங்குவோம். அடுத்த கூட்டத்தில் இம்மூன்றையும் தீர்மானமாகக் கொண்டுவருவோம்.