அண்டி ஆப்பீசில் படித்த சமூகவியல்

பட்டம் வாங்கப்போகும் மக்களே, அங்கியை அவசரப்பட்டுக் கழற்றிவிடாதீர்கள். போட்டோ பாக்கி இருக்கிறது.

எனக்குத் தந்த தலைப்பு 'நவீன சமூகமும் உலகமயமும்'. இதைப் பேசுகிறவர்கள் வழக்கமாக 1991-இன் பொருளாதாரத் தாராளமயத்திலிருந்து தொடங்குவார்கள். குமரி மாவட்டத்துக் கருங்கலில் நின்றுகொண்டு அப்படித் தொடங்க எனக்குக் கூச்சமாக இருக்கிறது. இந்த வட்டாரத்தில் எத்தனையோ வீடுகளில் அடுப்பெரிந்தது அண்டி ஆப்பீஸ் கூலியில், அதாவது முந்திரித் தொழிற்சாலைக் கூலியில். முந்திரி காய்க்கும் கொல்லமாவே நம் மரமில்லை; 16-ஆம் நூற்றாண்டில் போர்ச்சுக்கீசியர் பிரேசிலிலிருந்து கொண்டுவந்தது. கேரளத்தின் கொல்லத்து ஆப்பீசுகள் 1930-களிலேயே கிழக்கு ஆப்பிரிக்காவிலிருந்து கொட்டையைக் கப்பலில் வரவழைத்து, பருப்பை அமெரிக்காவுக்கு அனுப்பிக்கொண்டிருந்தன.

என் அம்மா அண்டி தல்லப் போனவள். வறுத்த கொட்டையைக் கல்லில் வைத்துக் கட்டையால் ஒரு தட்டு. ஓடு பிளக்க வேண்டும், பருப்பு உடையக் கூடாது. உடைந்தால் விலை விழும், கூலியும் விழும். ஓட்டுக்குள் இருக்கும் எண்ணெய் பட்டால் கை பொள்ளிப்போகும். அதனால் சாம்பலைத் தொட்டுத் தொட்டுத் தல்லுவார்கள். ஞாயிற்றுக்கிழமை கோவிலுக்குப் போகும்போது அம்மா கையை முந்தானைக்குள் வைத்துக்கொள்வாள். எனக்கு அது ரொம்ப நாள் புரியவில்லை.

தல்லிய பருப்பு, தோலுரித்த பிறகு தரம் பிரிக்கும் மேசைக்குப் போகும். '320' என்றால் ஒரு பவுண்டுக்கு 300 முதல் 320 பருப்பு வரை நிற்கும். '180' அதைவிடப் பெரிய பருப்பு, விலையும் கூடுதல். பள்ளிக்கூட வாசலை மிதிக்காத பெண்கள் தராசு இல்லாமல் கண்பார்வையிலேயே இதைப் பிரித்தார்கள்.

அந்தோணி கிடன்ஸ் என்ற சமூகவியலாளர் (பெயரைக் கேட்டால் நம் ஊர்க்காரர் போலிருக்கும், ஆனால் ஆங்கிலேயர்) 1990-இல் 'நவீனத்துவத்தின் விளைவுகள்' என்ற நூலை எழுதினார். முகம் பார்த்திராதவர்களையும் நம்பவைக்கும் பொதுவான அளவுகளும் ஏற்பாடுகளும் இல்லாமல் நவீன வாழ்க்கை நடக்காது என்பது அவர் வாதங்களில் ஒன்று. படித்தபோது எனக்கு அந்த 320 தான் நினைவுக்கு வந்தது. நியூயார்க்கில் பெட்டியைத் திறக்கிறவர் என் அம்மாவைப் பார்த்ததில்லை. பெட்டிமேல் இருந்த எண்ணை நம்பினார். அம்மாவுக்கோ அந்தப் பெட்டி அங்கே என்ன விலைக்குப் போனது என்று கடைசிவரை தெரியாது. இந்தப் பாதியைக் கிடன்ஸிடம் நான் தேடினேன், கிடைக்கவில்லை.

போலந்தில் பிறந்த சமூகவியலாளர் சிக்மண்ட் பாமனிடம் கிடைத்தது. முதல் போட்டவர் நினைத்தால் இடத்தை மாற்றிவிடுவார், பின்விளைவைச் சுமப்பது அந்த மண்ணில் இருக்கிறவர்கள் என்று 1998-இல் எழுதினார். இதற்கு நாம் பாமன் வரை போக வேண்டியதில்லை. கேரளத்தில் குறைந்தபட்சக் கூலி கூடியபோது, கொல்லத்து முதலாளிகள் பலர் எல்லையில் இருக்கும் களியக்காவிளையைத் தாண்டி இந்தப் பக்கம் ஆப்பீசுகளை வைத்தார்கள். அங்கே ஒருத்தி வேலை இழந்தாள். அதைவிடக் குறைந்த கூலிக்கு இங்கே ஒருத்தி வேலைக்குப் போனாள். என் பள்ளிக்கூடச் சம்பளம் அதில்தான் வந்தது. ஆகவே முதலாளியை மட்டும் திட்டிவிட்டு நான் உட்கார முடியாது. இப்போது வியட்நாம் இயந்திரத்தில் தல்லுகிறது. பருப்பு ஏற்றுமதியில் உலகில் அதுதான் முன்னால் நிற்கிறது.

நவீனத்தைப் பேசினால் பின்நவீனத்துவத்தையும் தொட வேண்டும்; சுருக்கமாகச் சொல்கிறேன். கியூபெக் அரசுக்காக எழுதிய அறிக்கையில், எல்லாவற்றையும் ஒரே கதையில் விளக்கிவிடும் பெருங்கதையாடல்களை இனி யாரும் நம்புவதில்லை என்று 1979-இல் சொன்னார் பிரெஞ்சுச் சிந்தனையாளர் லியோதார். படித்தால் பிள்ளை கரையேறும் என்பதும் ஒரு பெருங்கதையாடல்தான். அதை நம்பி, பொள்ளிய கையோடு கல்லூரிக் கட்டணம் கட்டிய பெற்றோர் இதோ இடம் கிடைக்காமல் பின்னால் நிற்கிறார்கள். லியோதார் பாரீசுக்குச் சொன்னது சரியாக இருக்கலாம். கருங்கலுக்குப் பொருந்தவில்லை.

உங்களில் பலர் நாளை பெங்களூருக்கும் வளைகுடாவுக்கும் போவீர்கள். போங்கள். போகும்முன் ஒரு வேலை செய்யுங்கள். வீட்டிலோ பக்கத்து வீட்டிலோ அண்டி ஆப்பீசுக்குப் போனவர் இருந்தால், எந்த வருஷம் சேர்ந்தார், கிலோவுக்கு என்ன கூலி, உடைந்த பருப்புக்கு எவ்வளவு பிடித்தார்கள் என்று கேட்டுத் தமிழில் எழுதுங்கள். கொல்லத்து அண்டித் தொழிலாளிப் பெண்களைப் பற்றி 2001-இல் விரிவாக எழுதியவர் ஸ்வீடனைச் சேர்ந்த அன்னா லிண்ட்பெர்க். கருங்கல் பெண்களைப் பற்றி எழுத ஸ்வீடனிலிருந்து ஆள் வர வேண்டாம். இன்று ராத்திரியே தொடங்குங்கள் மக்களே. அந்தக் கணக்கெல்லாம் நினைவிருக்கிறவர்கள் வருஷத்துக்கு வருஷம் குறைந்துகொண்டே வருகிறார்கள்.