காட்டுப் பார்லியின் கரும்பட்டைகள்

பார்லிப் பயிரின் செல்லில் 14 குரோமோசோம்கள், அதாவது 7 ஜோடிகள் உள்ளன. அதன் காட்டு உறவுகளில் இந்த எண்ணிக்கை 14, 28, 42 என மாறும். சாதாரணச் சாயத்தில் பல குரோமோசோம்கள் ஒன்றுபோலவே தெரியும். அங்கே கைகொடுப்பது சி-பட்டை முறை. முளைவிட்ட விதையின் வேர்நுனியைக் கண்ணாடித் தகட்டில் நசுக்கிப் பரப்புவார்கள். பேரியம் ஹைட்ராக்சைடு கரைசலிலும், பிறகு சூடான உப்புக் கரைசலிலும் வைத்து, ஜீம்சா சாயம் ஏற்றுவார்கள். மலேரியா கிருமியைக் காட்டிக்கொடுக்கும் அதே சாயம்தான் இது. டிஎன்ஏ இறுகச் சுருண்ட இடங்கள் கரும்பட்டைகளாகத் துலங்கும்.

பட்டைகளின் இடமும் தடிமனும் இனத்துக்கு இனம் வேறுபடும். ஒரே இனத்துக்குள்ளும், ஏன், ஒரே ஜோடிக்குள்ளும்கூட வேறுபடுவதுண்டு. ஆகவே ஒரே ஒரு செடியை வைத்து முடிவுகட்டுவது சரியல்ல.

இம்முறையின் அருமை கலப்பினங்களில் தெரியும். ஹார்டியம் பல்போசம் என்ற காட்டு இனத்தைப் பார்லியோடு கலந்தால், வளரும் கருவிலிருந்து பல்போசத்தின் குரோமோசோம்கள் பெரும்பாலும் ஒவ்வொன்றாக மறைந்துவிடும். அப்போது பார்லியின் 7 மட்டுமே மிஞ்சும்; சில கலப்பினங்களில் பல்போசத்தினுடையவையும் தங்கிவிடும். எது தங்கியது, எது போனது என்று பட்டைகளைக் கொண்டு அடையாளம் காணலாம். அப்படித் தங்கியவற்றின் வழியே, சாம்பல் நோயை எதிர்க்கும் திறன் பல்போசத்திலிருந்து பார்லிக்கு வந்து சேர்ந்திருக்கிறது.