களவு நடந்த மறுநாள்

(தோட்டத் தாய்மார் கூட்டத்தில் நலன்புரி உத்தியோகத்தர் ஆற்றிய உரை)



இன்றைக்குப் பிள்ளைகளின் சாப்பாட்டைப் பற்றிப் பேசுவதாகத்தான் இருந்தது. ஆனால் கீழ்ப்பிரிவு லயத்தில் பட்டப்பகலில் இரண்டு வீடுகள் உடைக்கப்பட்ட பிறகு, எங்களை வழியில் கண்ட எல்லாரும் கேட்டது ஒரே கேள்வி: "ஐயா, இனி என்னா செய்றது?" சாப்பாட்டுப் பேச்சை அடுத்த மாதம் வைத்துக்கொள்வோம். பூட்டு நல்லதாகப் போடு, நாய் வளர் என்று முன்யோசனை சொல்ல ஆட்கள் நிறையப் பேர் இருக்கிறார்கள். களவு நடந்து முடிந்த வீட்டுக்குத்தான் யாரும் ஒன்றும் சொல்வதில்லை.

நம்முடைய லயங்கள் வெள்ளைக்காரர் காலத்தில் கட்டியவை. நீளமாக ஒரே கூரை. ஒரு வீட்டுக்கும் அடுத்த வீட்டுக்கும் நடுவே ஒரே சுவர். சில பழைய லயங்களில் அந்தச் சுவர் கூரைத் தகரம் வரை போவதும் இல்லை. காலையில் பிரட்டுக்குப் போனால், பின்னேரம் கொழுந்து நிறுத்துவிட்டுத்தான் வீட்டுக்கு வருகிறோம். பிள்ளைகள் பாடசாலையில், சின்னதுகள் பிள்ளைக் காம்பராவில். இளைஞர்கள் கொழும்பில் கடை வேலையில். சில வீடுகளில் தாய் வெளிநாட்டில், கிழவி மட்டும் இஸ்தோப்பில். சம்பள நாளும் தீபாவளி முற்பணம் கொடுக்கும் நாளும் நமக்குத் தெரிவது போலத் திருடனுக்கும் தெரியும். அரிசி வாளிக்குள், தலையணை உறைக்குள், சாமி படத்துக்குப் பின்னால் என்று நாம் ஒளித்து வைக்கும் இடங்களும் அவனுக்குத் தெரியும். ஆகவே களவு கொடுத்த வீட்டுக்காரியிடம் போய், "ஏன் அங்க வச்ச?" என்று கேட்காதீர்கள். வேறு எங்கே வைப்பாள்? பத்துக்குப் பன்னிரண்டடி காம்பராவில் அவளுக்கு இரும்புப் பெட்டியா இருக்கிறது?

முதல் விடயம், கதவு உடைந்து கிடப்பதைக் கண்டால் உள்ளே எல்லாரும் நுழையாதீர்கள். லயமே உள்ளே வந்து பெட்டியைத் தூக்கிப் பார்க்கிறது, துணியை மடித்து வைக்கிறது. தாய்மார் அழுதுகொண்டே வீட்டைக் கூட்டியும் விடுகிறார்கள். மனசு அப்படித்தான் செய்யச் சொல்லும். ஆனால் பொலிஸார் வந்து கைரேகை எடுக்க வேண்டும், மோப்ப நாய் கொண்டுவந்தால் அதற்கும் தடயம் வேண்டும். வெளிக்கதவில் ஒரு ஆளை நிறுத்திவிட்டு, இன்னொருவர் 119 க்கோ பக்கத்துப் பொலிஸ் நிலையத்துக்கோ அறிவிப்பதுதான் சரி.

தோட்டக் காரியாலயத்தில் சொல்லியாகிவிட்டது, கிராம உத்தியோகத்தரிடமும் சொல்லியாகிவிட்டது, அது போதும் என்று சிலர் இருந்துவிடுகிறார்கள். போதாது. பொலிஸ் முறைப்பாடு இல்லாமல் பின்னால் ஒரு வேலையும் நடக்காது. அன்றைக்கே போக வேண்டும். துவைத்த சட்டை காயட்டும் என்று ஒரு நாள் காத்திருந்த பெரியவர் ஒருவரையும் நாங்கள் கண்டிருக்கிறோம். பொலிஸுக்கு உங்கள் சட்டை முக்கியமில்லை.

போவதற்கு முன் ஒரு தாளில் எல்லாவற்றையும் எழுதிக்கொள்ளுங்கள். "ஒரு சங்கிலி" என்று எழுதினால் ஆயிரம் சங்கிலி இருக்கிறது. எத்தனை பவுண், என்ன பின்னல், கொக்கி எந்த மாதிரி, எங்கே நசுங்கியிருந்தது, எந்தக் கடையில் வாங்கியது என்று எழுத வேண்டும். கல்யாண வீட்டுப் போட்டோவில் அந்த நகை தெரிந்தால் போட்டோவையும் கொண்டு போங்கள். பின்னால் பொருள் பிடிபட்டால் அது சான்றுப்பொருளாக நீதிமன்றத்துக்குப் போகும். அது உங்களுடையதுதான் என்று நீதவான் முன் காட்ட அந்த அடையாளம்தான் உதவும். போன் என்றால் அதற்கு 15 இலக்கக் குறியீடு ஒன்று உண்டு. வாங்கிய பெட்டியில் அச்சடித்திருக்கும். பெட்டி இல்லாதவர்கள் இப்போதே *#06# அடித்துப் பார்த்து எழுதி வைத்துக்கொள்ளலாம். போன் போன பிறகு அடித்துப் பார்க்க முடியாது.

பொலிஸில் சொல்லும்போது ஒரு சொல்லில் கவனம் வேண்டும். "சாமான் காணாமப் போச்சு" என்று சொல்லாதீர்கள். காணாமல் போனது என்றால் தொலைந்த பொருள் என்று ஒரு பதிவு போட்டு அனுப்பிவிடலாம். "பூட்டை உடைச்சுக் களவெடுத்திருக்காங்க" என்று சொல்லுங்கள். அது குற்றம், குற்றத்துக்குரிய புத்தகத்தில் ஏற வேண்டியது. வாயால் சொன்னதை எழுதி, அதை உங்களுக்கு வாசித்துக் காட்டி, பிறகுதான் கையொப்பம் வாங்க வேண்டும் என்று 1979 ஆம் ஆண்டின் 15 ஆம் இலக்கக் குற்றவியல் நடவடிக்கைமுறைச் சட்டக்கோவை சொல்கிறது. மொழியைப் பற்றிய பயம் நமக்கு எப்போதும் இருக்கிறது. 1987 இல் வந்த 13 ஆவது திருத்தத்தின்படி தமிழும் இந்த நாட்டின் அரசகரும மொழி. தமிழில் முறைப்பாடு சொல்வது நம்முடைய உரிமை, அதைக் கேட்க வெட்கம் தேவையில்லை. ஆனாலும் உள்ளதைச் சொல்ல வேண்டும்: தமிழ் எழுதத் தெரிந்த உத்தியோகத்தர் அந்த நேரத்தில் கடமையில் இல்லாமல் இருக்கலாம். அதனால் சிங்களம் நன்றாகத் தெரிந்த ஒரு தம்பியைக் கூட்டிக்கொண்டு போங்கள். விளங்காத தாளில் கையெழுத்து வைக்காதீர்கள். எந்தப் புத்தகம், எத்தனையாம் பக்கம், எத்தனையாம் பந்தி, என்ன திகதி என்று குறித்துக்கொண்டு வாருங்கள். முறைப்பாட்டை எடுக்க மறுத்தால் எங்களிடம் வாருங்கள், மேலதிகாரிக்கு எழுதுவோம்.

இனிப் பத்திரங்கள். தகரப் பெட்டியை அப்படியே தூக்கிக்கொண்டு போய், நகையை எடுத்துவிட்டுத் தாள்களை வீசிவிடுவது திருடனின் வழக்கம். அதனால் லயத்துக்குப் பின்னால் உள்ள கான், தேயிலைச் செடிக்கடி, பாலத்துக்குக் கீழே எல்லாம் இளைஞர்கள் அன்றைக்கே ஒரு சுற்றுத் தேடிப் பார்க்க வேண்டும். மழை பெய்துவிட்டால் கிடைக்காது. அடையாள அட்டை போயிருந்தால் பொலிஸ் முறைப்பாட்டுப் பிரதியோடு புதிதாக விண்ணப்பிக்கலாம். தோட்டத்தில் குடியிருப்பவர்களின் விண்ணப்பத்தைத் தோட்ட அத்தியட்சகர் உறுதிப்படுத்துவார். பிறப்புச் சான்றிதழின் பிரதியைப் பிரதேச செயலகத்தில் எடுக்கலாம். சேமலாப நிதி அட்டை போனதற்காகச் சிலர் மார்பில் அடித்துக்கொள்கிறார்கள். அட்டை போனால் பணம் போகாது. உங்கள் அங்கத்தவர் இலக்கம் தோட்டக் காரியாலயத்தில் இருக்கிறது.

வயசானவர்கள் அதிகம் கலங்குவது பிரஜாவுரிமைப் பத்திரத்துக்குத்தான். அதில் நியாயம் இருக்கிறது. 1948 இல் பிரஜாவுரிமை பறிபோய், 1964 ஒப்பந்தத்துக்குப் பிறகு அந்த ஒரு தாளுக்காகக் காரியாலயம் காரியாலயமாக அலைந்த தலைமுறை அது. அந்தத் தாத்தாவுக்கு நகை பெரிசில்லை, தாள்தான் பெரிசு. பத்திரம் களவு போனதால் பிரஜாவுரிமை போய்விடாது என்று அவருக்குப் பொறுமையாகச் சொல்லுங்கள். 1964 ஒக்டோபர் 30 முதல் இங்கே நிரந்தரமாகக் குடியிருந்த, பிரஜாவுரிமை இல்லாமல் இருந்த இந்திய வம்சாவளியினருக்கும் அவர்களுடைய பிள்ளைகளுக்கும் 2003 ஆம் ஆண்டின் 35 ஆம் இலக்கச் சட்டம் உரிமை கொடுத்திருக்கிறது. இனி யாரும் அவரைக் கப்பலில் ஏற்ற முடியாது.

இன்னொன்றைப் பலர் மறந்துவிடுகிறார்கள். நம்மில் பாதிப் பேரின் நகை வீட்டிலா இருக்கிறது? அடகில் இருக்கிறது. வீட்டில் இருப்பது அடகுச் சீட்டுத்தான். சீட்டுக் களவு போனால் அன்றைக்கே அந்த வங்கிக்கோ கடைக்கோ அறிவித்து, முறைப்பாட்டுப் பிரதியைக் கொடுங்கள். வங்கிப் புத்தகத்துக்கும் அப்படித்தான்.

இதுவரை சொன்னதெல்லாம் கால் நடையாக நடந்தால் முடியும் வேலை. முடியாத வேலை ஒன்று இருக்கிறது. அதைச் சொல்லத்தான் இன்றைக்கு எழுந்து நின்றோம்.

களவு நடந்த மூன்றாம் நாள் லயத்தில் சந்தேகம் கிளம்பும். "அன்னிக்கு வேலைக்குப் போகாம வூட்டுல இருந்தது யாரு?" என்று பீலியடியில் ஒரு பேச்சு. அடுத்து மை போட்டுப் பார்க்கப் போவார்கள். மைக்காரர் பெயர் சொல்ல மாட்டார். "வடக்குப் பக்கம், ஒல்லியான பொடியன், தெரிஞ்ச ஆள்" என்பார். எந்த லயத்தில் வடக்குப் பக்கம் ஒல்லியான பொடியன் இல்லை? எங்களுக்குத் தெரிந்த ஒரு தோட்டத்தில் அப்படி நடந்தது. காய்ச்சலென்று வீட்டில் படுத்திருந்த பதினாறு வயதுப் பையன் மேல் பேச்சு விழுந்தது. யாரும் அவனை நேரே கேட்கவில்லை. அடுத்த வீட்டுக் கல்யாணத்துக்கு அந்தக் குடும்பத்துக்கு மட்டும் வெற்றிலை வைக்கவில்லை. கோயிலில் சத்தியம் பண்ணச் சொன்னார்கள். பண்ணினான், அப்படியும் நம்பவில்லை. சாதாரண தரப் பரீட்சைக்கு மூன்று மாதம் இருக்கும்போது அவன் கொழும்புக்குக் கடை வேலைக்குப் போய்விட்டான். பிறகு ஒரு நாள் டவுனில் வேறொரு களவில் பிடிபட்ட வெளியாளிடம் அந்தச் சங்கிலி இருந்தது. சங்கிலிக்காரம்மா அழுதுகொண்டு அந்த வீட்டு வாசலில் போய் நின்றார். பையனின் தாய் பேசவில்லை. ஒரே சுவரின் இரண்டு பக்கமும் இரண்டு குடும்பம், இன்றைக்கும் பேச்சுவார்த்தை இல்லை. பரீட்சையும் போனது போனதுதான்.

சந்தேகம் இருந்தால் பொலிஸிடம் தனியாகச் சொல்லுங்கள். கண்டதைக் கண்டபடி சொல்லுங்கள், கேட்டதைச் சொல்லாதீர்கள். ஒரு பொடியனின் பெயரை வாய்க்கு வந்தபடி கொடுத்தால் அவனைப் பிடித்துக்கொண்டு போகலாம். பிடிபட்டவரைச் சாதாரணமாக 24 மணித்தியாலத்துக்குள் நீதவான் முன் கொண்டுபோக வேண்டும் என்பது சட்டம். ஆனால் ஒரு இரவு பொலிஸ் கூண்டில் இருந்தவன் என்ற பெயர் இந்த மலையில் எத்தனை வருஷம் நிற்கும் என்று உங்களுக்கே தெரியும். "காசு குடுத்தா சாமானை வாங்கித் தாறேன்" என்று நடுவில் வரும் ஆட்களிடமும் மாட்டிக்கொள்ளாதீர்கள். வந்து கேட்டவரைப் பற்றிப் பொலிஸுக்குச் சொல்லுங்கள்.

வீட்டுக்குள்ளேயும் ஒரு சண்டை நடக்கும். புருஷன் பெண்சாதியைக் குற்றம் சொல்வார், மாமியார் மருமகளைச் சொல்வார். தாலிக்கொடி போயிருந்தால் இன்னும் மோசம். மலையில் அறுந்து விழுந்துவிடும் என்று பயந்து கழற்றி வைத்தவள் மேல் "புருஷனுக்கு ஆகாது" என்று பழி போடுகிறார்கள். களவு கொடுத்ததற்கும் புருஷனின் ஆயுளுக்கும் என்ன சம்பந்தம்? மஞ்சள் கயிற்றில் ஒரு மஞ்சள் துண்டைக் கட்டிப் போடுவது நம் பெரியவர்கள் காட்டிய வழிதான். அது போதும். ஊர் வாய்க்குப் பயந்து கிழமைக் கடன் எடுத்துத் தங்கம் வாங்காதீர்கள். திருடன் ஒரு தடவைதான் வந்தான். கடன்காரர் ஒவ்வொரு கிழமையும் வருவார்.

கொஞ்ச நாளைக்குத் தூக்கம் வராது. தகரத்தில் காற்று அடித்தாலும் திடுக்கிட்டு எழும்புவோம். பிள்ளைகள் ராவில் வெளியே கக்கூசுக்குப் போகப் பயப்படும், பழக்கம் விட்ட பிள்ளையும் படுக்கையை நனைக்கும். அடிக்காதீர்கள். கூடப் போங்கள், லாம்பு ஒன்றை எரிய விடுங்கள். பூட்டை மாற்றிய அன்றைக்குப் பிள்ளையின் கையிலேயே சாவியைக் கொடுத்துப் பூட்டித் திறக்கச் சொல்லுங்கள், பயம் கொஞ்சம் தெளியும். பக்கத்து வீட்டுக்காரர் முதல் சில ராவுக்கு ஒரு பிள்ளையைத் துணைக்குப் படுக்க அனுப்பினால் அது பெரிய உதவி. ஒரு மாதத்துக்கு மேலும் தூக்கமில்லை, நெஞ்சு படபடக்கிறது, சாப்பாடு இறங்கவில்லை என்றால் தோட்ட வைத்திய உதவியாளரிடம் காட்டுங்கள். 1926 என்ற இலக்கம் தேசிய மனநல நிறுவகத்தின் இலக்கம், அதற்கும் பேசலாம். பயம் தீரச் சாராயம் குடித்த வீட்டில் இரண்டாம் தடவையும் பூட்டு உடைந்ததை நாங்கள் பார்த்திருக்கிறோம்.

வருகிற சனிக்கிழமை பின்னேரம் பிள்ளைக் காம்பராவில் நாங்கள் இருப்போம். ஒவ்வொரு வீட்டுக்கும் ஒரு கொப்பியில் அடையாள அட்டை, சேமலாப நிதி, வங்கி, அடகுச் சீட்டு, போன் இலக்கங்களை எழுதிக் கொடுப்போம், நகையின் அடையாளங்களையும் எழுதலாம். எழுதிய கொப்பியைப் பெட்டிக்குள் வைக்காமல் நம்பிக்கையான ஒரு சொந்தக்காரர் வீட்டில் வையுங்கள். உடைபட்ட இரண்டு வீட்டுக்காரரும் முதலில் வரட்டும், அவர்களுடைய அடையாள அட்டை விண்ணப்பத்தை அன்றைக்கே நிரப்பிவிடலாம். மழை என்றால் பத்திரங்களைப் பொலித்தீன் பையில் சுற்றிக் கொண்டு வாருங்கள்.