தோல்வியின் விலை: காணொளி விளையாட்டுகளும் கற்றல் அமைப்பும்



காணொளி விளையாட்டுகளின் கோட்பாடுகளைக் கற்றலுக்குப் பயன்படுத்துவது என்றவுடன், வகுப்பறைக்குள் கணினி விளையாட்டுகளைக் கொண்டுவருவதே நோக்கம் என்று பலரும் கருதிவிடுகின்றனர். அமெரிக்க மொழியியல் அறிஞர் ஜேம்ஸ் பால் ஜீ இப்பொருள் குறித்து 2003இல் வெளியிட்ட நூல் 36 கற்றல் கோட்பாடுகளை வகுத்துரைக்கிறது. ஆனால் அந்நூலுக்கு அடிப்படையான கேள்வி வேறு: நீண்டதும் கடினமானதுமான ஒரு விளையாட்டை, யாரும் வற்புறுத்தாமலே, காசு கொடுத்து வாங்கி மணிக்கணக்கில் கற்றுத் தேற மனிதர் முன்வருகிறார்கள் என்றால், அவ்விளையாட்டின் அமைப்பு எத்தகையது என்பதே அது.

நிண்டெண்டோ நிறுவனம் 1985இல் வெளியிட்ட சூப்பர் மாரியோ பிரதர்ஸ் விளையாட்டின் முதல் கட்டத்தைக் கூர்ந்து நோக்கினால் விடையின் பெரும்பகுதி புலப்படும். விதிகளை விளக்கும் ஒரு வரிகூட அங்குத் திரையில் இல்லை. ஆடுபவர் இயக்கும் மாரியோ இடப்புறம் நிற்பதும் வலப்புறம் வெட்டவெளியாக இருப்பதுமே செல்லவேண்டிய திசையைக் காட்டிவிடுகின்றன. எதிரே வரும் முதல் பகையைக் குதித்துத் தாண்டாதவர் தோற்று, சில நொடிகளிலேயே மீண்டும் தொடங்குகிறார். அக்கட்டத்தின் பிற்பகுதியில் இரு படிக்கட்டுகளுக்கு இடையே ஓர் இடைவெளி வருகிறது. அங்குத் தவறி விழுந்தாலும் தரை தாங்கிக்கொள்ளும். அடுத்து அதே வடிவில் வரும் இடைவெளியிலோ தரை இல்லை, அடி காணாத பள்ளமே உண்டு. ஆபத்தில்லாத இடத்தில் பழகவிட்டு, பழகிய திறனை ஆபத்துள்ள இடத்தில் கேட்கும் இவ்வொழுங்கு பாடநூல் எழுதுவோர் அனைவரும் பயில வேண்டிய ஒன்றாகும். தனியே செய்ய இயலாததாயினும் தக்க துணை கிடைத்தால் செய்ய இயலுகின்ற செயல்களின் எல்லையை 'அண்மை வளர்ச்சி மண்டலம்' என்று உருசிய உளவியலறிஞர் வைகாட்ஸ்கி குறிப்பிட்டார். சிறந்த விளையாட்டு ஆடுபவரை அம்மண்டலத்திலேயே தொடர்ந்து நிறுத்திவைக்கிறது.

விளையாட்டின் இத்தகைய கூறுகளுள் தலையாயது, தோல்விக்குத் தரவேண்டிய விலை மிகக் குறைவாக இருப்பதே. பள்ளித்தேர்வில் செய்த பிழை வாரங்கள் கழித்து மதிப்பெண்ணாகத் திரும்பி வருகிறது. அதைத் திருத்திக்கொள்ள வகுப்பு காத்திருப்பதில்லை. காலத்தை நிலையாக வைத்துத் தேர்ச்சியை ஏற்ற இறக்கத்திற்கு விடும் இம்முறையைத் தலைகீழாக்கி, தேர்ச்சியை நிலையாக்கிக் காலத்தை நெகிழவிட வேண்டும் என்பதே கல்வியியலறிஞர் பெஞ்சமின் புளூம் 1968இல் முன்வைத்த முழுத்தேர்ச்சிக் கற்றலின் சாரம். தமிழக அரசுப் பள்ளிகளில் நடைமுறைக்கு வந்த செயல்வழிக் கற்றலில், ஒவ்வொரு குழந்தையும் தன் வேகத்தில் அட்டைகளைக் கடந்து ஏறிய கற்றல் ஏணியும் இவ்வெண்ணத்திற்கு மிக நெருங்கியது. அதற்குக் கணினி தேவைப்படவில்லை என்பது இங்குச் சிறப்பாகக் கருதத்தக்கது.

ஆனால் இவ்வமைப்பை விட்டுவிட்டு, விளையாட்டின் புறத்தோற்றத்தை மட்டும் எடுத்துக்கொள்ளும் போக்கு இன்று பெருகிவருவது கவலைக்குரியது. புள்ளிகள், பதக்கச் சின்னங்கள், தரவரிசைப் பட்டியல்கள் ஆகியவற்றைப் பழைய பாடத்தின்மேல் ஒட்டிவிட்டு அதனை விளையாட்டாக்கம் என்று அழைப்பது கற்றலுக்கு உதவாது. சில வேளைகளில் ஊறும் செய்யும். உளவியலறிஞர்கள் லெப்பர், கிரீன், நிஸ்பெட் ஆகியோர் 1973இல் வெளியிட்ட ஆய்வில், படம் வரைவதில் இயல்பாகவே விருப்பம் கொண்டிருந்த மழலையருள், பரிசு தருவதாக முன்கூட்டியே சொல்லப்பட்டவர்கள் பின்னர்த் தாமாக வரைந்த நேரம், பரிசு பெறாதவர்கள் வரைந்ததில் ஏறத்தாழப் பாதியாகக் குறைந்திருந்தது.

நன்கு அமைந்த விளையாட்டுகூடத் தானே போதியதாகிவிடாது. இயற்கணிதச் சமன்பாடுகளைப் படங்களின் வழியே கற்பிக்கும் டிராகன்பாக்ஸ் விளையாட்டையும் ஒரு பயிற்று மென்பொருளையும் கார்னெகி மெலன் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் ஒப்பிட்டபோது, விளையாடிய மாணவர்கள் கூடுதல் மகிழ்ச்சி கண்டனர். வழக்கமான சமன்பாட்டுத் தேர்விலோ மென்பொருள்வழிப் பயின்றவர்களே முந்தினர். விளையாட்டிற்குள் பெற்ற திறன் அதற்கு வெளியே செல்வதைக் கல்வியியலார் 'கற்றல் இடமாற்றம்' என்பர். அது தானாக நிகழ்வதில்லை, ஆசிரியர் அதனை நிகழ்த்த வேண்டியுள்ளது.

ஆகவே இக்கருத்தரங்கில் கட்டுரை படிக்கவிருப்போர், மாணவர் எவ்வளவு நேரம் ஆர்வமாக ஆடினர் என்பதோடு நின்றுவிடாமல், திரையை அணைத்த பின் அவர்களால் எதைச் செய்ய முடிந்தது என்பதையும் அவைமுன் வைக்குமாறு கேட்டுக்கொள்ளப்படுகின்றனர்.